எந்த இழையை அளப்பது

வின்னிபெக்கில் நவம்பர் பிறந்ததும்
சீப்பில் பொறி பறக்கும்.
ஹீட்டர் ஓடும் அறையில்
காற்றே அப்பளமாய் நொறுங்கும்.
கம்பளி ஸ்கார்ஃப் உரசி உரசி
என் பின்னலின் நுனியைத் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த அறைத் துஷ்யந்திதான் ஆரம்பித்தாள்:
"தலைமயிர் வெட்ட வெட்டத்தான் அக்கா வளரும்."

மதுரையில் உரக்கச் சொன்னால்
சட்டையைப் பிடிப்பார்கள் அந்தச் சொல்லுக்கு.
அவளுடைய வவுனியாவில் அதற்கு
எண்ணெய் தேய்த்து, வாரிக் கட்டி,
பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள்.
எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் காது சிவந்தது.

"கறிவேப்பிலையா, கிள்ளக் கிள்ளத் தழைக்க?
வேர் இருக்கிறது மண்டைக்குள்ள.
நுனியில கத்திரி வச்ச சேதியை
அங்க யாரு போய்ச் சொல்றது?
நடுவுல கிடக்கிறது அத்தனையும் செத்தது.
செத்தவங்க கையில தபால் குடுக்க முடியாது."

"அப்ப ஏன் உங்கட பின்னல்
மூண்டு வருசமா ஒரே இடத்தில நிக்குது?"

குக்கர் விசில் வந்தது. எழுந்து போனேன்.

பந்தயம்: ஒரு வருடம்.
எட்டு வாரத்துக்கொரு முறை
சார்ஜென்ட் அவென்யூ மாரிடெஸ் கடையில்
அவள் கால் அங்குலம் கொடுப்பாள்.
என் தலைக்குக் கத்திரி ஆகாது.
தோற்றவள் மறு குளிர்காலம் முழுக்க
வாசல் பனியைத் தள்ள வேண்டும்.
பிடரியில் தொடங்கி தையல் நாடா;
ஃப்ரிட்ஜ் கதவில், தக்காளிக் காந்தத்தின் கீழ், கணக்கு.
அவள் பத்தொன்பது. நான் இருபத்திரண்டு.

மாரிடெஸிடமே கேட்டிருக்கிறாள், வெட்டினால் வளருமா என்று.
"வளர வைப்பது தலையின் வேலை.
நான் பில் போடுகிறவள்."

மாதம் அரை அங்குலம்
இருவருக்கும் வந்தது, சம்பளம் மாதிரி.
அவளுக்கென்று யாரும் கூட்டிப் போடவில்லை.
என் கணக்கில்தான் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
பார்க்கா ஜிப் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.
சீட் பெல்ட் கொஞ்சம்.
இரவு ஷிஃப்ட் முடிந்து ஈரத்தோடு படுத்த தலையணை கொஞ்சம்.
ஞாயிறு பெருக்கும்போது
அரைவிரல் நீளத் துண்டுகள் கிடைக்கும்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்:
முனையில் வெள்ளைக் குமிழ் இல்லை.
உதிர்ந்தவை அல்ல, ஒடிந்தவை.
அவளிடம் சொல்லவில்லை. குப்பையில் போட்டேன்.

மறுபடி நவம்பர்.
அவளுக்கு இருபத்து மூன்றரை.
கீழே கோடு போட்டாற்போல் அடர்த்தி.
எனக்கு இருபத்தெட்டு!
"எங்க?" என்று குனிந்தாள்.
இருந்தது. ஒன்று.
ஒரே ஒரு இழை.
மற்றதெல்லாம் இருபத்து நாலுக்குள்ளேயே
ஆளுக்கொரு பக்கம் இறங்கிவிட்டிருந்தன.

"ஒருத்தர் மட்டும் போய்ச் சேர்ந்தா
ஊர்வலம் வந்த மாதிரியோ அக்கா?"

"கத்திரி பட்டதால உன்னோடது
ஒரு நூலாவது வேகமா வளர்ந்துச்சா?"

"இல்லைத்தான். ஆனா எனக்கு வந்தது என்னட்டயே இருக்கு."

அப்போதுதான் உறைத்தது:
வருடம் முழுக்க அவள் பேசியது மிச்சத்தை.
நான் பேசியது வளர்ச்சியை.
இரண்டுக்கும் ஒரே நாடாவைப் பிடித்து
சண்டை போட்டிருக்கிறோம்.

சமையலறைக் கத்திரியை நானே எடுத்து நீட்டினேன்.
தள்ளுபடி விளம்பரத் தாளை விரித்துவிட்டு
"எவ்வளவு?" என்றாள்.
"மெலிஞ்சது வரைக்கும்."
அது அவள் நினைத்ததைவிட மேலே இருந்தது.
நான் நினைத்ததைவிடவும்.

தாளை மடித்துக் குப்பைக்குக் கொண்டுபோனபோது
அந்த ஒற்றை இழையின் வால் மட்டும்
அவள் ஸ்வெட்டரில் ஒட்டிக்கொண்டது.
தட்டினாள். உதறினாள்.
கைக்கு வந்து, மறுபடி தோளுக்கு ஏறி,
போவதாக இல்லை.

வெளியே படிகள் மூடிக்கொண்டிருந்தன.
பனிவாரியைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.